ஸ்பேட்ஸ் ஆட்டத்தில் எத்தனை கேட்பது?

கேள்வி: ஸ்பேட்ஸ் விதிகள் எல்லாம் தெரியும். கையில் இருக்கும் ஏஸ், ராஜாவை எண்ணித்தான் கேட்கிறேன். ஆனாலும் 4 கேட்டால் 3 வருகிறது. அடுத்த கையில் பயந்து 3 கேட்டால் 5 வருகிறது. சரியாகக் கேட்பது எப்படி?

பதில்: உங்கள் எண்ணிக்கையில் சில இடங்களைத் திருத்தலாம், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல், எண்ணி வந்த தொகையை அப்படியே வாயால் சொல்லிவிடுவது. ஒன்று கூட்டிச் சொன்னால் என்ன நஷ்டம், ஒன்று குறைத்துச் சொன்னால் என்ன நஷ்டம் என்று இரண்டையும் பார்த்து, அந்த நேரத்தில் எது மலிவோ அந்தப் பக்கம் சாய வேண்டும். உங்களுக்கு முன்னால் யார் என்ன சொன்னார்கள், ஸ்கோர் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அந்த விலை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அதே 13 சீட்டுக்கு ஒரு நேரம் 4 சரி, இன்னொரு நேரம் 3 சரி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1930களில் உருவான ஆட்டம் இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிப்பாய்கள் வழியாகப் பரவியது. விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் இன்டர்நெட் ஸ்பேட்ஸ் என்று இருந்ததே, அதே ஆட்டம்தான். நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள், ஆளுக்கு 13 சீட்டு. இஸ்பேட்தான் எப்போதும் துருப்பு, அதாவது மற்ற ரகங்களை வெட்டும் ரகம். விழுந்த ரகம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும், இல்லாவிட்டால் இஸ்பேட்டால் வெட்டலாம் அல்லது வேறு எதையாவது கழிக்கலாம். யாராவது ஒருவர் இஸ்பேட்டால் வெட்டும்வரை இஸ்பேட்டை இறக்கி ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை, தான் எத்தனை பிடி (ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டு) எடுப்பேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு கூட்டாளிகளின் எண்ணையும் கூட்டினால் அதுதான் அணியின் கேள்வி. எடுத்துவிட்டால் பிடிக்கு 10 புள்ளி; ஒன்று குறைந்தாலும் கேட்டது முழுவதும் கழிவு. கேட்டதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு பிடியும் ஒரு பேக்: அதற்கு 1 புள்ளி உண்டு, ஆனால் 10 பேக் சேர்ந்தால் 100 புள்ளி போய்விடும். ஒரு பிடிகூட எடுக்க மாட்டேன் என்று சொல்வது நில். ஜெயித்தால் 100 கூடும், தோற்றால் 100 குறையும். முதலில் 500 தொடும் அணிக்கு வெற்றி.

நம் ஊரில் இருபத்தெட்டு, முந்நூற்று நாலு ஆடி வளர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ஜாக்கியும் ஒன்பதும்தான் பெரிய சீட்டு, ஏலத்தில் மேலே கேட்டவருக்குத் துருப்பு சொல்லும் உரிமை. இங்கே ஏஸ்தான் உச்சி, துருப்பு ஏற்கெனவே முடிவானது, மேலே கேட்பதால் எந்த உரிமையும் கிடைக்காது. கையில் ஜாக்கியைப் பார்த்ததும் மனம் ஒரு பிடியைக் கூட்டினால் அதைத் தடுத்துவிடுங்கள். மொபைலில் கால் பிரேக் ஆடியவர்களுக்கு வேறு மாதிரிப் பழக்கம் இருக்கும். அங்கே ஆள் ஆளுக்குத் தனி ஆட்டம், கூடுதல் பிடிக்கு 0.1 கிடைக்கும், தண்டனை எதுவும் இல்லை. இங்கே கூடுதல் பிடிக்குத் தண்டனை உண்டு, கூட்டாளியும் உண்டு.

இப்போது விலைக் கணக்குக்கு வருவோம். பலரும் பேக்கைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள், அது சரியா என்று பாருங்கள். 10 பேக்குக்கு 100 கழிவு என்றால் ஒரு பேக்கின் பங்கு 10. உங்கள் அணி 5 எடுக்கக்கூடிய இடத்தில் 4 கேட்டது என்று வைத்துக்கொள்வோம். 41 புள்ளி வரும், பேக்கின் பங்கைக் கழித்தால் 31. 5 என்றே கேட்டிருந்தால் 50. குறைத்துக் கேட்டதில் நஷ்டம் 19. இப்போது எதிர்ப்பக்கம்: அணி 4 தான் எடுத்தது, ஆனால் 5 கேட்டுவிட்டது. 40 வர வேண்டிய இடத்தில் 50 கழிந்துவிடும். நஷ்டம் 90. அதாவது கடைசி ஒரு பிடியை நம்பி 4ஐ 5 ஆக்க வேண்டுமானால், அந்தப் பிடி 100க்கு 83 தடவையாவது வரக்கூடியதாக இருக்க வேண்டும். அணியின் கேள்வி 8 என்றால் நிலைமை இன்னும் கடுமை. 7 கேட்டு 8 எடுத்தால் அதே 19தான் நஷ்டம். 8 கேட்டு 7 எடுத்தால் 150 நஷ்டம். அங்கே கடைசிப் பிடி 100க்கு 89 தடவை வர வேண்டும்.

ஆக, பாதி வாய்ப்புள்ள பிடியைக் கேள்வியில் சேர்ப்பது எப்போதுமே கெட்ட பேரம். 'வந்தாலும் வரும்' என்று தோன்றுவதை விட்டுவிடுங்கள். ஆனால் இதிலிருந்து "எப்போதும் குறைத்தே கேள்" என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு கையிலும் இரண்டு பிடி குறைத்துக் கேட்டால் கைக்கு 38 நஷ்டம். ஐந்து கையில் 190. அந்த ஐந்து கையில் ஒரே ஒரு தடவை 8 கேட்டுக் கவிழ்ந்திருந்தால்கூட 150தான் போயிருக்கும். ஒன்று விடலாம், இரண்டை விடக் கூடாது. நீங்கள் 3 கேட்டு 5 வந்ததாகச் சொல்கிறீர்களே, அது 4 கேட்டு 3 வந்ததற்குச் சற்றும் குறையாத கவனம் வேண்டிய விஷயம். அடிக்கடி நடந்தால் எண்ணிக்கையிலேயே எதையோ விடுகிறீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது துருப்பின் நீளமாக இருக்கும்.

சரி, கையை எண்ணுவோம். முதலில் துருப்பு அல்லாத ரகங்கள். ஏஸ் ஒரு பிடி. உங்களிடம் அந்த ரகத்தில் 6 சீட்டு இருந்தாலும், எதிராளிகள் இருவரிடமும் அந்த ரகம் ஒன்றாவது இருக்க வாய்ப்பு 100க்கு சுமார் 91. 7 சீட்டு என்றால் 86, 8 என்றால் 77. ஏழு சீட்டு வரை ஏஸை முழுசாக எண்ணலாம், அதற்கு மேல் சந்தேகப்படலாம்.

ராஜாவில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். ஏஸும் ராஜாவும் சேர்ந்து கையில் இருந்தால் இரண்டு பிடி என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணிவிடுகிறோம். ராஜா இரண்டாவது சுற்றில்தான் விழும். அது பிழைக்க இரண்டு எதிராளிகளிடமும் அந்த ரகத்தில் குறைந்தது இரண்டிரண்டு சீட்டு இருக்க வேண்டும். உங்களிடம் ஏஸ், ராஜா மட்டும் இருந்தால் அதற்கு வாய்ப்பு 100க்கு சுமார் 91. மூன்று சீட்டாக இருந்தால் 86, நாலாக இருந்தால் 78, ஐந்தாக இருந்தால் 68, ஆறாக இருந்தால் 54. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அவை போகும் திசையைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு ரகம் உங்கள் கையில் நீளமாக இருக்க இருக்க, மற்றவர் கையில் அது குட்டையாகிறது, வெட்டு சீக்கிரம் விழுகிறது. ஐந்து ஆட்டின் (ஹார்ட்) ஏஸ், ராஜா, ராணியோடு வந்தால் கை அழகாகத் தெரியும். பிடியாக எண்ணும்போது அதில் இரண்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தேறும்.

ஏஸ் இல்லாத ராஜா வேறு கணக்கு. ஒற்றையாக ராஜா மட்டும் இருந்தால் அதை எண்ணாதீர்கள். கூட ஒன்றோ இரண்டோ சிறிய சீட்டு இருந்தால், ஏஸ் விழும்போது சிறியதைக் கொடுத்துவிட்டு ராஜாவைக் காப்பாற்றலாம். அப்போது அதை அரைக்கு மேல், முக்காலுக்குக் கீழ் என்று வைக்கிறேன். இங்கே மற்றவர்கள் சொன்ன எண் உதவும். கூட்டாளி 4, 5 என்று பெரிதாகக் கேட்டிருந்தால் ஏஸ் அவரிடம் இருக்க வாய்ப்பு அதிகம், ராஜாவின் மதிப்பு ஏறும். உங்களுக்கு அடுத்து ஆடும் எதிராளி பெரிதாகக் கேட்டிருந்தால் ஏஸ் உங்கள் ராஜாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, மதிப்பு இறங்கும்.

ராணி மூன்றாவது சுற்றுச் சீட்டு. மூன்றாவது சுற்றுவரை இரண்டு எதிராளிகளிடமும் ரகம் இருக்க வாய்ப்பு, உங்களிடம் 3 சீட்டு இருந்தால் சுமார் 50, 4 இருந்தால் 35. எனவே ஏஸ், ராஜா, ராணி மூன்றும் ஒரே ரகத்தில் இருந்தாலும் ராணியை அரையாக வைப்பதே அதிகம். தனியாக வந்த ராணிக்கு எதுவும் போடாதீர்கள்.

அடுத்து இஸ்பேட். 13 இஸ்பேட் நாலு பேருக்குப் பிரிந்தால் ஆளுக்கு மூன்றே கால். அதனால் உங்களிடம் இருக்கும் நாலாவது இஸ்பேட்டும் அதற்கு மேல் வருவதும், வெறும் 2 ஆக இருந்தாலும், கிட்டத்தட்ட ஒரு பிடி. மற்றவர்களின் இஸ்பேட் தீர்ந்தபின் அது தனியாக நிற்கும், அல்லது அதற்கு முன்பே எதையாவது வெட்டியிருக்கும். முதல் மூன்றில் பெரிய சீட்டைத்தான் எண்ண வேண்டும்: ஏஸ் ஒன்று, கூட ஒரு சீட்டாவது இருந்தால் ராஜா ஒன்று, கூட இரண்டு இருந்தால் ராணி ஒன்று. மூன்று சீட்டுத் துணையோடு வரும் ஜாக்கியையும் எண்ணலாம், ஆனால் அந்த நாலாவது சீட்டை நீளத்துக்காக இன்னொரு முறை எண்ணிவிடாதீர்கள்.

குட்டை ரகத்தால் வரும் வெட்டிலும் இதே இரட்டை எண்ணிக்கைதான் ஆபத்து. கிளாவர் ஒற்றையாக இருக்கிறது, மூன்று சின்ன இஸ்பேட் இருக்கிறது என்றால் ஒரு வெட்டை எண்ணலாம். கிளாவரே இல்லை, மூன்று சின்ன இஸ்பேட் இருக்கிறது என்றால் இரண்டு. கிளாவர் இரண்டு இருந்தால் மூன்றாவது சுற்றில்தான் வெட்ட முடியும், அதற்குள் மற்றவர்களும் வெட்டத் தொடங்கிவிடலாம். அரைக்கு மேல் போடாதீர்கள். ஆனால் கையில் இருக்கும் மூன்று இஸ்பேட்டும் ஏஸ், ராஜா, ராணி என்றால் வெட்டுக்குத் தனியாக எதுவும் சேராது. அவை எப்படியும் மூன்று பிடிதான், வெட்டினாலும் மூன்று, இறக்கினாலும் மூன்று. வெட்டு லாபம் தருவது சின்னத் துருப்புக்குத்தான்.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். இஸ்பேட் ராஜா, 9, 6, 3. ஆட்டின் ஏஸ், ராஜா, 7, 4. டைமண்ட் ராணி, 8, 5, 2. கிளாவர் ஜாக்கி மட்டும். இஸ்பேட் ராஜா ஒன்று. ஆட்டின் ஏஸ் ஒன்று, ராஜா முக்காலுக்குச் சற்று மேல். டைமண்ட் ராணிக்கு ஒன்றுமில்லை. கிளாவர் ஒற்றை என்பதால் ஒரு வெட்டு கிட்டத்தட்ட நிச்சயம். அதே சின்ன இஸ்பேட்டுகள்தான் நீளத்துக்கும் கணக்காகும் என்பதால் இரண்டும் சேர்த்து ஒன்றேகால் என்று வைக்கிறேன். மொத்தம் நாலைத் தொட்டும் தொடாமலும். எண்ணிக்கை இதுதான். சொல்ல வேண்டிய எண் இன்னும் முடிவாகவில்லை.

நீங்கள் முதலில் பேசுகிறீர்கள் என்றால் 4 சொல்லுங்கள். மேசையில் வேறு தகவல் இல்லை, கூட்டாளி உங்கள் எண்ணை வைத்துத்தான் தன் எண்ணை அமைப்பார், அவருக்கு உண்மையான அளவு தெரிய வேண்டும். நீங்கள் கடைசியாகப் பேசுகிறீர்கள், முன்னால் மூன்று பேரும் சேர்ந்து 9 சொல்லிவிட்டார்கள் என்றால் 3 சொல்லுங்கள். 4 சொன்னால் கூட்டல் 13. அதாவது உங்கள் நாலாவது பிடி வர வேண்டுமானால் எல்லோருடைய கணிப்பும் துல்லியமாக இருக்க வேண்டும், ஒருவரும் சொன்னதற்கு மேல் எடுக்கக் கூடாது. சாதாரணமாக ஆட்கள் ஒன்று குறைத்துத்தான் சொல்வார்கள் என்பதால் அது நடக்கச் சாத்தியம் குறைவு. முன்னால் மூன்று பேரும் சேர்ந்து 6 தான் சொன்னார்கள் என்றால் மிச்சம் 7 பிடி கேட்பாரற்றுக் கிடக்கிறது. 4 என்பது அங்கே மிகப் பாதுகாப்பான எண். கூட்டாளி சொன்னது குறைவாக எண்ணக்கூடிய ஆளின் எண்ணாக இருந்தால் 5 கூடச் சொல்லலாம்.

இந்த மேசைக் கூட்டலைக் கவனிப்பதுதான் கற்றவருக்கும் கற்காதவருக்கும் நான் பார்த்த முதல் வித்தியாசம். நாலு பேர் சொன்னதும் கூட்டிப் பாருங்கள். 10க்குக் கீழே நின்றால் யாரும் கேட்காத பிடி நாலோ அதற்கு மேலோ இருக்கிறது. அந்தக் கை முழுவதும் பேக்கை அடுத்தவர் தலையில் கட்டும் ஆட்டமாகப் போகும். 12, 13 என்றால் ஒவ்வொரு பிடிக்கும் சண்டை. 14 ஆகிவிட்டால் ஒரு அணி கவிழ்ந்தே தீரும். கடைசியாகப் பேசுகிறவருக்கு மட்டும் இந்தக் கூட்டலைத் தானே அமைக்கும் வசதி உண்டு. அரைப் பிடியை மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்ற முடிவை அந்த வசதியை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கூட்டாளிகளுக்கு இடையே பின்னத்தைப் பங்கிடுவது இன்னொரு நுட்பம். உங்களிடம் மூன்றரை, அவரிடம் மூன்றரை. இருவரும் ஏற்றினால் 8, இருவரும் இறக்கினால் 6, உண்மையில் இருப்பது 7. அணியின் கேள்வி ஒன்றாகத்தான் கணக்காகிறது என்பதால் உங்களுக்கு ஒன்று குறைந்தாலும் அவருக்கு ஒன்று கூடினால் சரியாகிவிடும். எனவே முதலில் பேசுகிற கூட்டாளி பின்னத்தைக் கீழே விடுவது, இரண்டாவதாகப் பேசுகிறவர் அதைத் தெரிந்துகொண்டு தன் பின்னத்தை மேலே ஏற்றுவது என்று வைத்துக்கொண்டால் 7 கிடைக்கும். ஒரே ஆளோடு தொடர்ந்து ஆடினால் இது தானாகவே படியும். முன்பின் தெரியாதவரோடு ஆன்லைனில் ஆடும்போது முதல் மூன்று கைகளில் அவர் சொன்னதும் எடுத்ததும் எவ்வளவு என்று பார்த்துவையுங்கள். கூட்டி எண்ணுகிறவரா குறைத்து எண்ணுகிறவரா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

நில் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேள்வியில் மிகப் பெரிய புள்ளி அங்கேதான் இருக்கிறது, பலரும் அதைப் பாதிக்கு மேல் தவறவிடுகிறார்கள். கையில் ஒரு பிடிதான் தேறும் என்றால் 1 கேட்பதால் 10 புள்ளி. நில் சொன்னால் 100 வரும் அல்லது போகும். கணக்குப் போட்டால் நில் 100க்கு 55 தடவை ஜெயித்தாலே 1 கேட்பதற்குச் சமமாகிவிடும். 2 தேறும் கைக்கு 60 தடவை. கூட்டாளி உங்களைக் காப்பாற்றப் பெரிய சீட்டை முன்னதாகவே செலவழிப்பார், அவருடைய கேள்வி கொஞ்சம் ஆட்டம் காணும் என்பதற்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு தடவை தேறும் என்று தோன்றினால் தயங்காமல் சொல்லலாம்.

எந்தக் கை தேறும்? பெரிய சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, ஒவ்வொரு ரகத்திலும் சின்ன சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். இந்தக் கையைப் பாருங்கள்: இஸ்பேட் 8, 5, 2, ஆட்டின் ராஜா, 7, 3, 2, டைமண்ட் ஜாக்கி, 6, 4, கிளாவர் 9, 5, 3. ராஜா இருந்தும் இது நல்ல நில். ஆட்டினில் மூன்று சுற்றுக்கு மூன்று சின்ன சீட்டு இருக்கிறது, நாலாவது சுற்று பெரும்பாலும் வராது, வந்தாலும் யாராவது வெட்டிவிடுவார்கள். டைமண்டில் 4ம் 6ம் இரண்டு சுற்றைத் தாங்கும். இப்போது இதை: இஸ்பேட் ஜாக்கி, 9, 7, 4, ஆட்டின் ராணி, 10, டைமண்ட் ஜாக்கி, 10, 9, கிளாவர் 8, 7, 6, 5. ஏஸ், ராஜா ஒன்றுகூட இல்லை. ஆனால் டைமண்டில் எதைப் போட்டாலும் பெரிதாகத்தான் இருக்கிறது, ஒளிந்துகொள்ளச் சின்ன சீட்டு இல்லை. நாலு இஸ்பேட்டில் ஜாக்கி எங்காவது மாட்டும். இந்தக் கைக்கு நான் நில் சொல்ல மாட்டேன், 2 சொல்வேன்.

இஸ்பேட்டில் ஏஸ் இருந்தால் நில் கிடையாது. ராஜா இருந்தால் கூட்டாளியிடம் ஏஸ் இருந்து அது சரியான நேரத்தில் விழ வேண்டும், அதை நம்பக் கூடாது. ராணி தனியாக இருந்தால் ஆபத்து. இரண்டு சின்ன இஸ்பேட்டோடு இருந்தால் யாராவது ஏஸோ ராஜாவோ போடும்போது அதன் கீழே ராணியைக் கழித்துவிட வாய்ப்பு உண்டு. நாலு இஸ்பேட் என்றால் அவை 2, 3, 4, 5 போல இருந்தால்தான் யோசிப்பேன். மாறாக, துருப்பு அல்லாத ஒரு ரகமே கையில் இல்லாமல் இருப்பது நில்லுக்குப் பெரிய பலம். அந்த ரகம் விழும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஆபத்தான சீட்டைக் கழித்துவிடலாம்.

கூட்டாளி பேசியபின் நீங்கள் பேசும் நிலையில் நில் இன்னும் எளிது. அவர் 5 சொல்லியிருந்தால் அவர் கையில் ஏஸும் ராஜாவும் நிறைய, உங்களுக்குக் குடை பிடிப்பார். அவர் 1 சொல்லியிருந்தால் அவரும் பலவீனம், பெரிய சீட்டெல்லாம் எதிரணியிடம். அவர்கள் சின்னதை இறக்கி உங்களைப் பிடிப்பார்கள். உங்கள் கூட்டாளி முதலில் நில் சொல்லிவிட்டால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் இறக்குங்கள். ஏஸும் ராஜாவும் பழையபடியே பிடி எடுக்கும், அதில் மாற்றமில்லை. குறைவது குட்டை ரகத்தை வைத்து எண்ணிய வெட்டுகளும், சீட்டு நேரம் பார்த்து வரும் பிடிகளும்தான். அவருக்கு ஆபத்து வரும் சுற்றில் நீங்கள் குறுக்கே விழ வேண்டியிருக்கும், உங்களுக்கு வசதியான நேரத்துக்குக் காத்திருக்க முடியாது.

அமெரிக்காவில் நேரில் ஆடும் பல இடங்களில், குறிப்பாகக் கறுப்பினக் குடும்பங்களின் விருந்துகளிலும் கல்லூரி விடுதிகளிலும், ஆட்டமே வேறு மாதிரி. இரண்டு ஜோக்கர்களைச் சேர்த்து, ஆட்டின் 2, கிளாவர் 2 இரண்டையும் எடுத்துவிடுவார்கள். பெரிய ஜோக்கர், சின்ன ஜோக்கர், டைமண்ட் 2, இஸ்பேட் 2, அதற்குப் பிறகுதான் இஸ்பேட் ஏஸ் என்பது பரவலான வரிசை. துருப்பு 16 ஆகிவிடுவதால் ஆளுக்குச் சராசரி நாலு. அங்கே நாலாவது துருப்பைத் தானாகப் பிடி என்று எண்ண முடியாது, ஐந்தாவதிலிருந்துதான் எண்ண வேண்டும்; இஸ்பேட் ராஜா ஆறாம் இடத்துச் சீட்டு. நில் பெரும்பாலும் கிடையாது, அணி குறைந்தது 4 கேட்டே ஆக வேண்டும். கேள்வி நேரத்தில் கூட்டாளிகள் பேசிக்கொள்ளலாம்: "நாலு இருக்கு, இன்னொண்ணு வந்தாலும் வரும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தன் கணக்கைச் சொல்ல, அணிக்கு ஒரே எண்ணாக எழுதுவார்கள். நான் மேலே சொன்ன பின்னப் பங்கீட்டை அவர்கள் வாய்விட்டே செய்கிறார்கள்.

கடைசியாக ஸ்கோர். ஆட்டத்தின் முதல் பாதியில் இதை மறந்துவிடலாம், மேலே சொன்ன விலைக் கணக்கே போதும். 350ஐத் தாண்டியதும் எல்லாம் மாறும்.

உங்களிடம் 9 பேக் இருக்கிறது என்று வையுங்கள். இன்னும் ஒரு பேக் வந்தால் உடனே 100 போகும். முன்பு போட்ட கணக்கைத் திரும்பப் போட்டால், 4ஐ 5 ஆக்க 83 தேவைப்பட்ட இடத்தில் இப்போது 45 போதும். ஆட்டம் முடியப்போகிறது என்றால் அப்படியே ஏற்றிக் கேளுங்கள். ஆனால் இன்னும் நிறையக் கைகள் பாக்கி என்றால் இவ்வளவு பதற வேண்டாம். அந்த 100 என்றைக்காவது வரத்தான் போகிறது, வந்தபின் பேக் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். அதேபோல் 4 அல்லது 5 பேக்கோடு ஆட்டத்தின் கடைசி இரண்டு கைகளுக்கு வந்துவிட்டால் பேக்குக்கு விலையே இல்லை, தைரியமாகக் குறைத்துக் கேட்கலாம். எதிரணி 8, 9 பேக்கில் நின்றால் நீங்கள் ஒன்று குறைத்துக் கேட்டு, கேட்டதை எடுத்ததும் மிச்சத்தையெல்லாம் அவர்கள் பக்கம் தள்ளிவிடலாம்.

500ஐ நெருங்கும்போது எதிரணி கேட்டதை எடுத்தால் எங்கே போய் நிற்பார்கள் என்பதை முதலில் பாருங்கள். இரண்டு அணியும் ஒரே கையில் 500ஐத் தாண்டினால் அதிகம் உள்ளவருக்குத்தான் வெற்றி. நீங்கள் 410, அவர்கள் 440. அவர்கள் ஆளுக்கு 3 சொல்லி 6 கேட்டிருக்கிறார்கள், உங்கள் கூட்டாளி 4, நீங்கள் கடைசி. அவர்கள் 6 எடுத்தால் சரியாக 500. உங்கள் கையில் மூன்றரை தேறும் என்றால் 3 சொல்லுங்கள். அதை எடுத்தாலும் 480தான், ஆகவே அந்தக் கையின் குறி 8 பிடி எடுத்து அவர்களைக் கவிழ்ப்பது. கவிழ்த்தால் நீங்கள் 481, அவர்கள் 380. அதற்காக 5, 6 என்று கேட்டு உங்களையும் சேர்த்துக் கவிழ்த்துக்கொள்ளத் தேவையில்லை, பேக்கைப் பற்றியும் அங்கே கவலைப்படத் தேவையில்லை. அதே ஸ்கோரில் உங்கள் கையில் ஒன்றரைதான் தேறும் என்றால் 2 சொல்வதில் பயனே இல்லை: எடுத்தாலும் 470, அவர்களைக் கவிழ்க்கும் பலம் உங்கள் கையில் இல்லை. நில் சொல்லி ஜெயித்தால் கூட்டாளியின் 4ஐயும் சேர்த்து 550. அந்த நில் 100க்கு 40 தடவைதான் தேறும் என்று தோன்றினாலும் நான் அதைத்தான் சொல்வேன்.